பத்து மணிக் கூட்டம் ஒன்பதரைக்கு வந்த கதை

காலையில் போனில் குறித்த கூட்டம், நிந்தவூரில் கந்தோர் மேசைக்குப் போய் மின்னஞ்சல் மென்பொருளைத் திறக்கும்போது அங்கும் ஏறியிருக்கிறது. புதிதாகப் பதிந்த தொலைபேசி இலக்கமும் அப்படியே. இந்த வசதியின் பூர்வீகம் தேடிப் போனால் கணினியையும் தாண்டி, 1910 அளவில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் போய் நிற்போம்.

அங்கே பொறியியலாளர்களுக்காக லேஃபாக்ஸ் என்றொரு குறிப்பேடு விற்பனைக்கு வந்தது. தாள்களைக் கழற்றலாம், மாற்றலாம், திரும்ப மாட்டலாம். லண்டன்காரர்கள் அதைக் கண்டு மயங்கி, 1921இல் நோர்மன் அண்ட் ஹில் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். ஃபைலோஃபாக்ஸ் பிறந்தது அப்படித்தான். அங்கே தற்காலிகத் தட்டெழுத்தாளராகச் சேர்ந்த கிரேஸ் ஸ்கர், வாடிக்கையாளர் விபரங்களைத் தன் சொந்த ஃபைலோஃபாக்ஸிலும் எழுதி வீட்டுக்குக் கொண்டு போவாராம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கந்தோர் அழிந்தபோது, அந்த வீட்டுப் பிரதியை வைத்தே வியாபாரத்தை மீட்டார்கள் என்பது கம்பனியின் பெருமைக் கதை. பின்னாளில் அவரே அதன் தலைவரானார். ஒத்திசைவுக்கு ஒரு தாயைத் தேடினால் என் வாக்கு அவருக்குத்தான்.

காகிதத்தில் ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் கையால் திருத்த வேண்டும். அந்த வேலையை 1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி ஒரே பொத்தானில் முடித்தது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாராவது சந்திக்கக் கேட்டால் அதை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தார்.

ஆனால் ஆளுக்கொரு வடிவம். ஒரு கம்பனியின் முகவரிப் புத்தகத்தை மற்றதன் மென்பொருள் படிக்காது. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை கூடி விகார்ட் என்ற பொது அட்டையை உருவாக்கின. பரம எதிரிகளான லோட்டஸ், மைக்ரோசொப்ட் கம்பனிகளின் ஊழியர்கள் இருவர் சேர்ந்து காலண்டர்களுக்காக எழுதிய ஐகலண்டர் விதிகள் 1998 நவம்பரில் வெளிவந்தன.

காலண்டர்களுக்குக் கடினமான ஒரு சோதனையை வைத்தது இலங்கை. 1996 மே மாதம், மழை பொய்த்து மின்வெட்டு வாட்டியபோது, அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மீதி அரை, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு திரும்பியது.

கணினி பல வேளைகளில் கூட்டத்தைக் கிரீன்விச் நேரத்தில்தான் சேமிக்கும். அந்த 2006 மார்ச்சில் உட்கார்ந்து ஏப்ரல் 20க்குக் காலை 10 மணிக் கூட்டம் போட்டால், அது கிரீன்விச்சில் 4 மணி. புதிய நேர விதி ஏறிய கணினியில் அதே கூட்டம் ஒன்பதரைக்கு வந்து நிற்கும். விதி ஏறாத பக்கத்துக் கணினியில் பத்தேதான். கணக்குப் பார்த்தால் இரண்டுமே சரி, சாயா மட்டும் ஆறிவிடும். பத்து மணியென்றும் இலங்கை நேரமென்றும் சேர்த்து எழுதிவைத்து, புதிய விதியைக் கொண்டு கணக்கிடும் மென்பொருளில் இந்தச் சிக்கல் வராது.

2007இல் கால்டேவ் என்ற பொது விதிமுறை வந்து, காலண்டரைச் சேவையகத்தில் வைத்து எல்லாக் கருவிகளும் பங்கிட வழி செய்தது. முகவரிகளுக்கான கார்ட்டேவ் 2011இல். மைக்ரோசொப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் பழைய விண்டோஸ் பதிப்புக்கு இவை இன்றும் நேரடியாகப் புரியாது, இலவச இணைப்பு மென்பொருள் ஒன்று வேண்டும். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளும் கார்ட்டேவை 2021இல்தான் உள்ளே சேர்த்துக்கொண்டது.

நம் பக்கத்துப் பெயர்கள் ஏறும்போது வேறு கூத்து. எம்.ஐ.எம். என்று மூன்று முதலெழுத்துக்குப் பின் பெயர் எழுதுவோம். விகார்ட்டோ குடும்பப் பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்கும். போனில் ஒரு விதமாகவும் மேசையில் ஒரு விதமாகவும் நிரப்பினால் ஒரே ஆள் இரண்டாகி நிற்பார்.

திகதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு: மென்பொருள் முன்கூட்டியே காட்டும் ரமழான் திகதி முன்கணிப்பு மட்டுமே. இங்கே பிறைத் தீர்மானம் ரமழானுக்கு முந்திய மாதத்தின் 29ஆம் நாள் இரவு கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும். முதல் நோன்பன்று இப்தார் வைக்க அழைப்பு அனுப்பியவர், பிறை தென்படவில்லை என்ற அறிவிப்பைக் கேட்டபின் திகதியை ஒருநாள் தள்ளினால் போதும். மற்றவர்களின் காலண்டர்கள் பெரும்பாலும் தாமாக மாறிக்கொள்ளும்.