நீர் வரைந்த எல்லை: சீமா மாலகமும் நம்மட பள்ளி முற்றங்களும்

கொழும்பு பேரை வாவி முதலில் அழகுக்காக உண்டானதல்ல. போர்த்துக்கேயர் தமது கோட்டையைக் காக்கத் தேக்கிய நீர் அது. 1587இல் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது இந்த நீரை வடிக்கவும் முயன்றான். அதே போர்த்துக்கேயர்தான் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரைக் கிழக்கில் குடியேற்றினான். ஆகவே நம் முன்னோருக்கு இந்த வாவி, உள்ளே வராதே என்று சொன்ன ஒரு கோட்டையின் அகழி. அதே நீரின் மேல் பிற்காலத்தில் எழுந்த ஒரு கட்டடத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கங்காராமய விகாரைக்குச் சொந்தமாக வாவிக்குள் ஒரு பழைய கட்டடம் இருந்தது. 1970களில் அது மெல்ல நீரில் அமிழத் தொடங்கியது. அதன் இடத்தில் 1976இல் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா புதியதொன்றை வடிவமைத்தார். அதுவே இன்றைய சீமா மாலகம். அதற்கான செலவை ஏற்றவர்கள் எஸ். எச். மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவரது மனைவியும். மௌத்தாகிப்போன தங்கள் மகனின் நினைவாக அதைச் செய்தார்கள்.

இந்தச் செய்தியை நம்மவர்களிடம் சொல்லும்போதெல்லாம், "பன்சலைக்குக் காசு குடுத்தது நம்மட ஆளா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது ஆகுமா, ஆகாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். வரலாறு படிப்பவன் என்ற வகையில் என் கேள்வி வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வாப்பாவும் உம்மாவும் கொடுத்த பணத்தில் எப்படிப்பட்ட இடம் உண்டானது?

நீர்மேல் மூன்று மேடைகள். அவற்றை ஒன்றோடொன்றும் கரையோடும் இணைக்கும் ஒடுங்கிய நடைபாதைகள். நடு மேடையில் நீல ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு மண்டபம். அதன் பக்கங்களில் மெல்லிய மரக் கம்பிகள். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்துபோகும். இன்னொரு மேடையில் போதி மரம் நிற்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் சிவன், விஷ்ணு, கணபதி, கதிர்காமக் கடவுள் ஆகியோருக்குச் சிறு கோயில்கள். ரிட்டிகலை போன்ற பழைய வனத் துறவிமடங்களில், கற்பாலத்தால் இணைந்த இரட்டை மேடைகளில் துறவிகள் தியானம் செய்தார்கள். பாவா எடுத்துக்கொண்டது அந்த மரபை.

சீமா என்றால் எல்லை. பிக்குகளின் உபசம்பதா போன்ற சங்கக் கருமங்கள் வரையறுத்த எல்லைக்குள்தான் நடக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பலப்பிட்டியில் நீர்ச்சீமாவைக் கரையோடு இணைத்த ஒரு பாலம் அந்த எல்லையைக் கெடுத்துவிட்டதா என்ற வாதம் அமரபுர நிகாயவையே பிளந்தது. அவ்வளவு பாரதூரமான விடயம் அது. பாவா அந்த எல்லையை அழிக்கவில்லை. மதிலுக்குப் பதிலாக நீரை வைத்தார். நடைபாதையில் கால் வைத்ததும் நடை தானாகவே மெதுவாகிறது. தெருவின் இரைச்சல் பின்னுக்குப் போகிறது. வழிபாட்டைவிட அமைதியாக இருப்பதற்கும் தியானத்துக்குமே இன்று அது கூடுதலாகப் பயன்படுகிறது. பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம், தாய்வழியினர் பறங்கியர். இந்த வடிவத்துக்கு இரத்தம்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கட்டியவர், கொடுத்தவர், பயன்படுத்துபவர் என்று இத்தனை பேர் ஒரே இடத்தில் சேர்ந்தபோதும் எவரும் தம் மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமா? மதீனாப் பள்ளியின் ஓரத்தில் ஸுப்பா என்ற நிழல் திண்ணை இருந்தது. வீடில்லாத ஸஹாபாக்கள் அங்கே தங்கினார்கள், படித்தார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவை நபியவர்கள் பள்ளியிலேயே வரவேற்றதாக ஸீறா நூல்கள் கூறுகின்றன. நம் ஊர்ப் பழைய பள்ளிகளிலும் தொழும் இடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் ஹவுளு இருந்தது, விறாந்தை இருந்தது. வுழூச் செய்துவிட்டு ஈரக் கையோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய இடம் அது. மழைக்கு ஒதுங்கியவரிடம் "நீ யார்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது பல இடங்களில் ஹவுளை மூடிப் பைப் வைத்தாயிற்று. விறாந்தை தொழும் மண்டபத்துக்குள் போய்விட்டது. மதில் உயர்ந்து இரும்புக் கேற்றும் வந்துவிட்டது. காணி போதாது, சனம் கூடிப்போச்சு என்பதெல்லாம் உண்மையான காரணங்கள். பயமும் உண்மையானதுதான். 2018இல் திகனையிலும் 2019 மே மாதத்திலும் பள்ளிகள் தாக்கப்பட்டதைக் கண்ட ஜமாஅத் மதிலை உயர்த்தினால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உயர்ந்த மதில், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத அயலவரின் சந்தேகத்தைக் குறைப்பதில்லை.

தொழும் இடத்தின் புனிதம் ஓர் எல்லை. அது இருக்கத்தான் வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே, நம் காணிக்கு உள்ளே, ஒரு மரமும் இரண்டு வாங்கும் ஒரு தண்ணீர்ப் பானையும் வைக்க முடியாதா? அதற்கெனவே யாராவது வக்பு எழுத முடியாதா? மரித்தவர் பேரில் குடிநீருக்கு வழி செய்வது நம்மிடையே பழைய வழக்கம். ஸதகத்துல் ஜாரியாவுக்கு இதுவும் ஒரு வழிதான்.

அடுத்த முறை உங்கள் மஹல்லாவில் பள்ளி கட்டும் வரைபடம் மேசைக்கு வரும்போது, மினாராவின் உயரத்தைக் கேட்க முன்னர் இன்னொன்றைக் கேளுங்கள்: தெருவால் போற ஒருத்தர் வந்து கொஞ்சம் இருக்கிறதுக்கு இதில இடம் எங்க?