ஹாதார்ன் ஆய்வுகள்

ஹாதார்ன் ஆய்வுகள், அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த தொடர் ஆய்வுகள். தொலைபேசிக் கருவிகள் செய்த இந்த ஆலையில் உச்ச காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தனர். சக தொழிலாளரும் மேற்பார்வையாளரும் தரும் ஆதரவுக்கும் வேலையில் ஒருவர் காட்டும் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பு பெரிய அளவில் பேசப்பட்டது இவற்றுக்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் நோக்கம் வேறு. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். 1927 வரை முயன்றும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில், ரிலே என்னும் தொலைபேசி மின்நிலைமாற்றியைப் பூட்டும் பெண்கள் ஐவரையும், பாகங்களை எடுத்துக் கொடுக்க இன்னொருவரையும் தனி அறையில் அமர்த்தினார்கள். ஒரு ரிலேவுக்கு ஏறத்தாழ 35 உதிரிகள். பூட்டி முடிக்க ஒரு நிமிடம் போல ஆகும். இடைவேளை, சிற்றுண்டி, முன்னதாக வீடு திரும்புதல் என்று சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன. பேசிக்கொண்டே வேலை செய்யலாம். மருத்துவப் பரிசோதனை நாளில் ஐஸ்கிரீமும் உண்டு. உற்பத்தி ஏறியது. 1928இல் சலுகைகளை நிறுத்தி, பழையபடி வாரம் 48 மணி நேரம் ஆக்கியபோதும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை. அந்தப் பெண்கள் ஒரு குழுவாகிவிட்டதும், அவர்களுடைய பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட மேற்பார்வையுமே காரணம் என்றார் ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ.

இதை முழுதாக ஏற்பதற்கில்லை. முன்பு பெரிய பிரிவின் மொத்த உற்பத்தியை வைத்துக் கணக்கிட்ட கூலி, இந்த அறையில் இவர்களுடைய உற்பத்தியை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அதிகம் பேசுகிறார்கள் என்று 1928 ஜனவரியில் இருவரை எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். நட்பான மேற்பார்வை என்று புகழப்பட்ட அறையில் நடந்தது இது! 1967இல் ஆய்வாளர் அலெக்ஸ் கேரி இவற்றைச் சுட்டிக்காட்டி மேயோ தரப்பின் முடிவுகளைக் கடுமையாக மறுத்தார்.

இடையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நேர்காணல் நடந்தது. கடைசி ஆய்வே அதிகம் சொல்கிறது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். இங்கும் ஒற்றுமைக்குக் குறைவில்லை. விதிப்படி கூடாது என்றாலும், பின்தங்கியவருக்கு மற்றவர் கைகொடுத்தனர். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கருவித் தொகுதி முடித்தால் போதும் என்று தங்களுக்குள் வரம்பு கட்டிக்கொண்டனர். அதைத் தாண்டியவருக்குப் புஜத்தில் ஒரு குத்து விழுந்தது. கூடுதலாகச் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் கழிப்பார்கள் என்ற அச்சம். பொருளாதார மந்தக் காலத்தில் அதை வீண் அச்சம் என்று சொல்ல முடியாது. சக தொழிலாளரின் ஆதரவு எவ்வளவு வலுவாக இருந்தாலும், நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் அது உற்பத்திக்கு உதவாது என்பதே இந்த அறை தரும் முடிவு.

இந்த ஆதரவைப் பின்னாளைய ஆய்வாளர்கள் வகைப்படுத்தியும் அளந்தும் பார்த்தனர். 1981இல் ஜேம்ஸ் ஹவுஸ் பணியிட ஆதரவை மனத்துக்குத் துணை, கைக்கு உதவி, தகவல், மதிப்பீடு என நான்காகப் பகுத்தார். பணிச்சுமையை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் ராபர்ட் கராசெக்கின் வினாநிரல், மேற்பார்வையாளரின் ஆதரவையும் சக தொழிலாளரின் ஆதரவையும் தனித்தனியாக அளக்கிறது.