ஓடியதால் அல்ல, உண்ணாததால்

1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டம். தடகளப் போட்டிகளில் பெண்கள் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் ஒலிம்பிக் அதுதான். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடிகளில் ஓடி, உலக சாதனையோடு முதலில் வந்தார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவது. ஒன்பது பேர் ஓடினார்கள்; ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். கோட்டைத் தாண்டியதும் சிலர் தரையில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். உயிரைக் கொடுத்து ஓடிய எவரும் செய்வதுதான் அது.

செய்தித்தாள்கள் எழுதியதோ வேறு. பதினொரு பேர் ஓடியதாகவும், ஐந்து பேர் பாதியில் விலகியதாகவும், மற்றவர்கள் மயங்கி விழுந்ததாகவும் செய்தி வந்தது. எண்ணிக்கைகூடச் சரியில்லாத அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. 800 மீட்டர் நீக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு 200 மீட்டரைத் தாண்டிய தனிநபர் ஓட்டமே அங்கு இல்லை.

இதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். அந்த உதவிக்காகத் தகுதியிழந்தார். ஆனால் மறுநாள் அரசி அலெக்சாண்டிரா அவருக்குப் பொன்முலாம் பூசிய கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். ஆண் விழுந்தால் வீரம். பெண் சாய்ந்து மூச்சு வாங்கினால் அவள் பாலினம் முழுவதற்குமான தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு மைதானத்தில் பிறந்ததல்ல. 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் பெண்கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். உடலின் ஆற்றல் அளவுக்குட்பட்டது. வளரும் வயதில் பெண் தன் ஆற்றலைப் படிப்பில் செலவழித்தால் கருப்பைக்குச் சேர வேண்டியது குறைந்துவிடும் என்பது அவர் வாதம். மருத்துவர் மேரி புட்னம் ஜேகோபி இதற்குப் பதில் தேடினார். பெண்களிடமே கேட்டும், நாடித் துடிப்பை அளந்து பதிந்தும், மாதவிடாய் நாட்களில் பெண்கள் வேலையை விட்டு ஓய்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று காட்டினார். அந்த ஆய்வு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசைப் பெற்றது. மாதவிடாயை அவர் உடலின் ஊட்டத்தோடு தொடர்புபடுத்திப் பார்த்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

பரிசு ஜேகோபிக்குக் கிடைத்தது. கிளார்க்கின் கருத்தோ சாகவில்லை. வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டபின் அது ஓட்டப்பாதையில் போய் நின்றுகொண்டது. 1966இல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணின் உடலமைப்பால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு கே. வி. ஸ்விட்ஸர் என்று பதிவு செய்து 261ஆம் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்ஸரை, போட்டி அதிகாரி ஒருவர் ஓடிவந்து பிடித்து இழுத்தார். பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததோ 1984இல்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அந்த முதல் ஓட்டத்தை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடிகளில் வென்றார். அன்று உலகம் நினைவில் வைத்துக்கொண்ட இன்னொருவர் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன். கடைசித் தண்ணீர் நிலையைத் தவறவிட்டிருந்த அவர், வெயிலில் உடல் வறண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடியபடி அரங்கத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மருத்துவர்கள் கூடவே நடந்தார்கள். வியர்வை இன்னும் வழிகிறது என்று பார்த்து, அவரைத் தொடாமல் விட்டார்கள். 37ஆவதாக முடித்தார். 1928இல் கற்பனையாகச் சொன்னது இப்போது கண்ணெதிரே நடந்தது. ஆனால் இம்முறை போட்டி நீக்கப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர், தடை அல்ல என்பது ஒருவழியாகப் புரிந்திருந்தது.

அதே 1984இல் இன்னொரு செய்தி வந்தது. பார்பரா டிரிங்க்வாட்டரும் அவருடைய குழுவினரும் மாதவிடாய் நின்றுபோன 14 வீராங்கனைகளையும், ஒழுங்காக வரும் 14 வீராங்கனைகளையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரின் சராசரி வயது ஏறத்தாழ 25. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுடையதைப் போலிருந்தது. மாதவிடாய் நிற்பது பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்றுகூட நம்பப்பட்ட காலம் அது. ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது.

கிளார்க் சொன்னது சரிதானோ? ஓட்டம் பெண்ணுடலைக் கெடுக்கிறதோ? பெண்கள் ஓடுவதை விரும்பாதவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. விடை 1998இல் வந்தது. ஆன் லவுக்ஸ், மாதவிடாய்ச் சுழற்சியை இயக்கும் ஹார்மோனின் துடிப்பைப் பெண்களிடம் அளந்தார். கடுமையாகப் பயிற்சி செய்து, செலவான ஆற்றலுக்கு ஈடாக உண்டவர்களிடம் துடிப்பு குலையவில்லை. பயிற்சியே செய்யாமல் உணவைக் குறைத்தவர்களிடம் சில நாட்களிலேயே குலைந்தது.

கணக்கு எளிது. ஒரு பெண் 2000 கலோரி உண்டு 800 கலோரியை ஓட்டத்தில் செலவிட்டால், இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாவற்றுக்கும் மிச்சம் 1200. அது போதாதபோது, உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் நிறுத்திவைக்கிறது. முதலில் நிற்பவற்றில் மாதவிடாயும் ஒன்று. ஆற்றலுக்கு அளவுண்டு என்ற மட்டில் கிளார்க் சொன்னது சரி. ஆனால் அந்த அளவைக் கூட்ட ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை: பெண் இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம். அவளுடைய வேலையைக் குறைக்கத்தான் அவருக்குத் தோன்றியது.

அறிவியலுக்கும் இது எளிதில் தோன்றவில்லை. நெடுந்தூர ஓட்டத்துக்குமுன் மாவுச்சத்தைக் கூட்டி உண்டால் தசையில் கிளைக்கோஜன் சேமிப்பு பெருகும் என்று 1960களில் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் ஆண்களின் தசையில் செய்த சோதனை. 1995இல் கனடாவில் மார்க் டார்னபோல்ஸ்கி குழுவினர் பெண்களையும் சேர்த்துச் சோதித்தபோது ஆண்களுக்குச் சேமிப்பு கூடியது, பெண்களுக்குக் கூடவில்லை. பெண்ணுடலின் இயல்பு என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. விழுக்காட்டில் இருவர் தட்டும் ஒன்றுதான். ஆனால் பெண்ணின் தட்டே சிறியது. 2001இல் மொத்த உணவையும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கும் சேமிப்பு கூடியது.

ஆனால் பயிற்சிக் களங்களில் தராசு ஆட்சி செய்தது. மெலிந்தால் வேகம் என்பது அங்கே வேதவாக்கு. பசியைப் பொறுப்பதே மனவுறுதி என்று இளம்பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 17 வயதில் உலகத் தடகளப் போட்டியில் அமெரிக்காவுக்காக ஓடிய மேரி கெய்ன், 2019இல் வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறைக்கச் சொல்லி இடைவிடாமல் நெருக்கினார்கள், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். அவருடைய பயிற்சியாளர் குற்றச்சாட்டை மறுத்தார். பெண்ணுடல் பலவீனமானது, ஓடாதே என்றது ஒரு காலம். ஓடு, ஆனால் உண்ணாதே என்றது அடுத்த காலம். இரண்டு காலத்திலும் அவள் உடல் சொல்வதை யாரும் கேட்கவில்லை.

நமக்கு இது அயல்நாட்டுக் கதை அல்ல. ஔவையார் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தனில் பெண்ணின் குறைந்த ஊணை அழகோடு சேர்த்துச் சொல்லும் ஓர் அடி உண்டு. அதை மனப்பாடம் செய்துதான் வளர்ந்தோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் இருப்பதை வழித்துத் தின்பவள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்வது இரத்தத்தின் ஹீமோகுளோபின். அது குறைந்தால் படியேறவே மூச்சு வாங்கும், பத்து கிலோமீட்டர் எப்படி ஓடுவது? அப்படி மூச்சு வாங்குபவளைப் பார்த்து, பெண்ணுக்குத் தெம்பு இவ்வளவுதான் என்பார்கள்.

இன்று நம் ஊர்களிலும் விடியற்காலையில் பெண்கள் ஓடுகிறார்கள். அவர்களில் பலர் இளைப்பதற்காகவே ஓடத் தொடங்கியவர்கள். அவர்களுக்கு இந்த வரலாறு தரும் பாடங்கள் எளியவை. நெடுந்தூரத்துக்கு முன் வெறும் வயிறு வேண்டாம். ஒரு வாழைப்பழமாவது போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வழியிலேயே உள்ளே போக வேண்டும். ஓடி வந்ததும் குடும்பத்துக்குச் சமைத்து முடிக்கும்வரை காத்திராமல் சாப்பிட வேண்டும்: சோறோ களியோ, கூடவே முட்டையோ பருப்போ மீனோ. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். மாதவிடாய் சில மாதங்கள் வராவிட்டால் அதைச் சௌகரியம் என்று எண்ணாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நெடுந்தூரத்துக்கு மனவுறுதி தேவைதான். ஆனால் பசியை அடக்கும் உறுதி பெண்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதல்ல. அது போதும் போதும் என்கிற அளவுக்கு நம்மிடம் இருக்கிறது. பழக வேண்டியது வேறோர் உறுதி. எனக்குப் பசிக்கிறது என்று சொல்லவும், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து தட்டை நிறைத்துக்கொள்ளவும், இன்னொரு கரண்டி கேட்கவும் ஒரு துணிவு வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதைவிடப் பல வீடுகளில் அதுதான் கடினம்.