தகுதியுடையோர் இல்லை: அரசுத் தொழிற்பயிற்சியும் நம் மக்களும்

பம்பாய் நகரத்துப் பஞ்சாலைகளில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. நூற்புப் பகுதியில் நம் இனத்தைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். ஆனால் கூலி மிகுதியாகக் கிடைத்த நெசவுப் பகுதியில் அவர்கள் கால் வைக்க முடியவில்லை. காரணம் இதுதான்: தறியில் நூல் அறுந்தால் அதனை வாயில் வைத்து எச்சிலால் நனைத்து முடிய வேண்டும். தீண்டத்தகாதவர் வாய் பட்ட நூலைத் தாங்கள் தொடுவதெப்படி என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். ஆலை முதலாளி விதித்த தடையன்று இது. உடன் உழைத்த தொழிலாளி விதித்த தடை. 1928-ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் கோரிக்கைகளுள் இக்கொடுமையைக் களைவதையும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் அவர்கள் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் வற்புறுத்தினார்கள். செங்கொடி ஏந்தியவர்களுக்கு அது அவ்வளவு உவப்பான கோரிக்கையாக இருக்கவில்லை.

பத்தாண்டுகள் கழிந்து, 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய இரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டிலும் பாபாசாகேப் இதே புண்ணைத் தொட்டுக் காட்டினார்கள். இரயில்வேயில் நம்மவர்க்குக் கிடைத்தது பாதையைச் செப்பனிடும் கூலிவேலை. நிலையத்துச் சுமைகூலி வேலைகூட எளிதில் கிடைப்பதில்லை. ஏனெனில் அந்த ஆளை நிலைய அதிகாரி தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக் கொள்வது வழக்கம். பட்டறைகளிலோ நம்மவர் கடைசி வரை எடுபிடியாகவே இருப்பர். மேஸ்திரி ஆவது அரிதினும் அரிது. இளைஞர்கள் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். நம் முன்னோர்க்கு வேலை மறுக்கப்படவில்லை. வேலை வயிறு நிரம்பாத அளவிலும், முதுகு முறியும் அளவிலும் எக்காலத்தும் கிடைத்தே வந்தது. மறுக்கப்பட்டது வேலையின் நுட்பம்.

நம் மாகாணத்து நிலையையும் சிறிது காண்போம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் ஒருவரை அமர்த்தி, தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் நலனை அவரிடம் ஒப்படைத்தது. வீட்டுமனை, குடிநீர்க் கிணறு, பள்ளிக்கூடம் ஆகிய யாவும் அத்துறை வழியாகவே வந்தன. மற்ற மக்களின் பிள்ளைகள் கல்வித் துறையின் பள்ளியில் படித்தார்கள். நம் பிள்ளைகள் படித்ததோ ‘லேபர் ஸ்கூல்’. என் தந்தையார் அப்படிப்பட்ட பள்ளியில்தான் எழுத்தறிந்தார். அப்பள்ளிகளால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை இல்லையேல் இம்மலரைப் படிக்கும் பலர் வீட்டில் இன்று ஏடு இராது. ஆயினும் அந்தப் பெயர் ஓர் உண்மையை உடைத்துச் சொல்லிவிட்டது: ஆட்சியாளர் கண்ணுக்கு நாம் குடிமக்களாகத் தெரியவில்லை, கூலிப்படையாகவே தெரிந்தோம்.

இனி, இக்கட்டுரையின் தலைப்பாக அமைந்த சொற்றொடருக்கு வருகிறேன். 1934-ஆம் ஆண்டு இந்திய அரசு தன் பணியிடங்களில் முஸ்லிம்களுக்கு 25 விழுக்காடும், பிற சிறுபான்மையினர்க்கு 8⅓ விழுக்காடும் ஒதுக்கி ஆணையிட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டும் எதுவும் ஒதுக்கவில்லை. கூறப்பட்ட காரணம், தகுதியுடையோர் போதிய அளவில் இல்லை என்பதே. பள்ளி வாயிலையும் பட்டறைக் கதவையும் அடைத்து வைத்தவர்களே, உள்ளே ஒருவரும் காணப்படவில்லை என்று அறிக்கை எழுதினார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் படையின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் பொருத்துநர், கடைசலர், பற்றவைப்போர், கொல்லர், வார்ப்பட வேலையர், மின்பணியாளர் எனப் பல்லாயிரவர் உடனடியாகத் தேவைப்பட்டனர். பரம்பரைக் கம்மாளர்களை மட்டும் நம்பி ஒரு போரை நடத்த இயலாது. எனவே 1940-இல் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசே செலவு செய்து, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்து, சில மாதங்களில் ஓர் இளைஞனைத் தொழிலாளி ஆக்கும் ஏற்பாடு அது. 1941 முதல், பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அழைக்கப்பட்ட வேறொரு திட்டத்தின் கீழ், இந்தியத் தொழிலாளர்கள் ஐம்பது ஐம்பது பேராக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அங்குள்ள ஆலைகளில் பயிற்சி பெற்றனர்.

இத்திட்டங்களைப் பாபாசாகேப் தொடங்கினார்கள் என்று நம் மேடைகளில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. அவர்கள் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றது 1942 ஜூலையில். திட்டங்கள் அதற்கு முன்பே நடைபெற்று வந்தன. தலைவர்க்கு இல்லாத பெருமையைச் சேர்ப்பது அவர்க்கு உள்ள பெருமையைக் குறைப்பதாகும். உள்ள பெருமை யாது? பொறுப்பேற்ற சில திங்களிலேயே, 1942 அக்டோபரில், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் அவர்கள் ஒரு விரிவான கோரிக்கை மனு அளித்தார்கள். அதில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயிலும் மாணவர்க்கு உதவித்தொகை கேட்டார்கள். அயல்நாடு சென்று படிக்க நிதி கேட்டார்கள். அவற்றோடு, அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

முதலிரண்டு கோரிக்கைகளைப் பற்றி நாம் பலகாலும் பேசுகிறோம்; மூன்றாவதை மறந்துவிடுகிறோம். பட்டம் பெற்று மேல்நாட்டிலும் படித்த ஒரு பேரறிஞர், அச்சுக் கோப்பவனையும் பட்டறைப் பையனையும் மறவாமல் மனுவில் சேர்த்திருக்கிறார். அந்தத் தேர்வில் ஓர் ஆழ்ந்த கணக்கு இருக்கிறது. அச்சகமும் இரயில் பட்டறையும் அரசின் கையில் இருந்தவை. அங்கே கற்பிக்கப்பட்ட தொழில்கள் இயந்திரத்தோடு புதிதாக வந்தவை. எந்தச் சாதியும் அவற்றைத் தன் குலத்தொழில் என்று உரிமை கொண்டாட முடியாது. மன்மாட்டில் எந்தக் கதவு அடைபட்டிருப்பதாக முறையிட்டார்களோ, அதே கதவைத் திறக்கும் சாவியைத்தான் நான்காண்டுகளுக்குப் பின் கேட்டார்கள்.

பலன் படிப்படியாக வந்தது. 1943 ஆகஸ்டில் இந்திய அரசின் நேரடி நியமனங்களில் 8⅓ விழுக்காடு தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. வயது வரம்பில் மூன்றாண்டுத் தளர்வும், தேர்வுக் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டும் செலுத்தும் சலுகையும் கிடைத்தன. மக்கள்தொகை விகிதத்துக்கு இது குறைவு. குறைத்ததற்குக் காரணம் பழைய பல்லவியே: தகுதியுடையோர் அத்தனை பேர் கிடைக்கமாட்டார்கள். 1944-இல் மெட்ரிக் படிப்புக்கு மேல் பயில்வோர்க்கான உதவித்தொகை தொடங்கியது. 1946-இல் ஒதுக்கீடு 12½ விழுக்காடாகவும், பின்னர் 1970-இல் 15 விழுக்காடாகவும் உயர்ந்தது. உதவித்தொகையும் பயிற்சியும் ஒதுக்கீடும் மூன்று தனித்தனிச் சலுகைகள் அல்ல. முதலிரண்டும் இல்லாவிடில் மூன்றாவது வெறுந்தாள். மூன்றாவது இல்லாவிடில் முதலிரண்டும் வேலையற்றோர் கையிலுள்ள சான்றிதழ்.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், அதே தொழிலாளர் துறையின் கீழ் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் அமைக்கப்பட்டது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும் போர்க்காலத் தொழிலாளர்களுக்கும் வேலை தேடித் தருவதற்காக அமைந்த வேலைவாய்ப்பு நிலையங்கள், பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், 1948 முதல் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாளன்று அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டு, நாடெங்கும் ஏறத்தாழ 50 தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுந்தன. இன்று நாம் ‘ஐ.டி.ஐ.’ என்று வழங்குவது அந்த விதையில் முளைத்த மரமே.

நான் 1975-இல் அத்தகைய ஒரு நிலையத்தில் பொருத்துநர் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் கையில் ஓர் அரத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் கொடுத்து, அதன் முகத்தைச் சமன் செய்யச் சொன்னார்கள். வாரக்கணக்கில் அதே வேலை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து மறுபடி கொப்பளித்தது. ஆசிரியர் மூலைமட்டத்தை அத்துண்டின்மேல் வைத்து, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பித் தருவார். தெரியாவிட்டால் அடுத்த துண்டு. என் ஊர், தெரு, தகப்பன் பெயர் ஒன்றும் அந்தச் சோதனையில் இல்லை. பதினேழு வயது வரை எங்குச் சென்றாலும் அவையே முதற் கேள்விகளாக இருந்த எனக்கு, அந்த மூலைமட்டத்தின்மீது ஏற்பட்ட பற்று இன்றும் மாறவில்லை.

பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் பழைய கேள்விகள் காத்திருந்தன. ஒரு தனியார் ஆலையில் செய்முறைத் தேர்வில் முதலாவதாக வந்தேன். பின்னர் நேர்முகத்தில் முகவரியைப் படித்த அலுவலர், “காலனியா?” என்று மட்டும் கேட்டார். கடிதம் வரவேயில்லை. எனக்கு வேலை கிடைத்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவின் வழியாக, அரசு நிறுவனம் ஒன்றில். அக்காலத்தில் பதிவு அட்டையைப் புதுப்பிக்கும் நாளைத் திருமண நாளினும் கருத்தாக நினைவில் வைத்திருப்போம்.

தனியார் துறைக் கதவைத் தட்டுவதற்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அதனைப் பலர் அறியார். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், குறிப்பிட்ட ஆலைகள் தம்மிடம் பழகுநரைச் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. 1973-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 3-அ பிரிவு, பழகுநர் இடங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்கிறது. இது தனியார் ஆலைக்கும் பொருந்தும். தனியார் துறையில் ஒதுக்கீடு வேண்டும் என்று நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறோம். பயிற்சி அளவிலேனும் அது அரை நூற்றாண்டாகச் சட்டத்தில் உறங்குகிறது. பயிற்சி முடிந்தபின் அந்த ஆலையே வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பது அதன் பெருங்குறை. ஆயினும் ஆலைக்குள் ஓராண்டு வேலை பார்த்த கைக்கும் பாராத கைக்கும் வேறுபாடு உண்டு.

ஏனைய திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லி அமைவேன். 1969-ஐ ஒட்டித் தில்லி, கான்பூர், ஜபல்பூர், சென்னை ஆகிய நகரங்களில் நம் இளைஞர்க்கெனப் பயிற்சி, வழிகாட்டு மையங்கள் அமைந்தன. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் நேர்முகத் தேர்வுக்கான பழக்கமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1974-இல் தோன்றிய ‘தாட்கோ’ முதலில் வீடு கட்டும் கழகமாகவே இருந்து, பின்னர்த் தொழில் கடனுக்கும் பயிற்சிக்கும் கை நீட்டியது. 1979 ஆகஸ்ட் 15-இல் ‘டிரைசெம்’ என்னும் ஊரக இளைஞர் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பேர்க்குப் பயிற்சி என்பது அதன் இலக்கு. தையலும் மிதிவண்டி பழுது பார்ப்பதும் கற்றுக்கொண்டு பலர் வெளியே வந்தார்கள். ஆனால் சேரிப் பையன் ஊர்த் தெருவில் கடை வைக்க வாடகைக்கு இடம் தருவார் யார் என்ற வினாவுக்கு அத்திட்டத்தில் விடையில்லை. என் கண்ணறியப் பல தையற்பொறிகள் அடகுக் கடைக்குச் சென்றன. 1999-இல் அத்திட்டம் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

நம் மாநில அரசு நிலையங்களில் இன்று பயிற்சிக் கட்டணம் இல்லை. அண்மை ஆண்டுகளில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டியும், பாடநூலும், சீருடையும் தரப்படுகின்றன. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரக்கூடிய பிரிவுகளும் உள்ளன. பற்றவைப்பு அவற்றுள் ஒன்று. பள்ளியிறுதித் தேர்வில் தவறிவிட்டோம் என்று கட்டட வேலைக்குச் செல்லும் தம்பிமார்களின் பெற்றோர் இதனை அறியவேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, போர்க்காலப் பயிற்சி பெற்ற நம் பகுதி முதியோர் எவரேனும் விட்டுச் சென்ற தாள்களைத் தேடினேன். இதுவரை ஒன்று கூடக் கைக்குக் கிட்டவில்லை. உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் பார்க்க வேண்டுகிறேன். 1940-க்கும் 1946-க்கும் இடைப்பட்ட பயிற்சிச் சான்றிதழோ, பட்டறை அடையாள வில்லையோ, உதவித்தொகைச் சீட்டோ கிடைக்குமானால், சங்க அலுவலகத்தில் காட்டுக. படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.