மன்றோவின் கல்விக் கணக்கெடுப்பு (1822–1826): எண்களும் அவற்றை ஈன்ற படிவமும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்புரையில், மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவரின் சாதி, பயிலும் நூல்கள், பயிலும் காலம், கட்டணம், மானியம் ஆகியன கோரப்பட்டன. ஆட்சியர் அனுப்பிய விடைகள் ஒரு சீராக இல்லை. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் கற்பித்தல் முறையையும் பள்ளிகளின் நலிவையும் விரிவாக எழுதினார். கனரா ஆட்சியரோ படிவத்தையே நிரப்பவில்லை.

விடைகளைத் தொகுத்து மன்றோ 1826 மார்ச் 10இல் முடிவுரைத்தார். மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498, மாணவர் 1,88,650. இவருள் பெண்கள் 4,540 பேரே. மக்களுள் ஒன்பதில் ஒரு பங்கினர் ஐந்து முதல் பத்து வயதினர் எனக் கொண்டு, அவருள் பாதியான ஏறத்தாழ 7,13,000 சிறுவரை அவர் அடிப்படையாக்கினார். பள்ளி சென்ற ஆண்கள் 1,84,110 பேர். அதாவது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். வீட்டுக்கல்வியையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் மதிப்பிட்டார். சென்னை நகரில் வீட்டில் பயில்வோர் 26,000க்கு மேல், பள்ளி மாணவரைப்போல் ஐந்து மடங்கு, என வந்த கணக்கை அவரே ஐயுற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விகிதத்தின் வலுவின்மை அதன் அடிப்படை எண்ணில் உள்ளது. பத்து வயதைக் கடந்த மாணவரும் எண்ணிக்கையில் இருப்பின் விகிதம் மிகைப்பட்டதாகும். மாறாக, ஒரு சிறுவன் இரண்டு மூன்று ஆண்டுகளே பயின்று நின்றுவிட்டிருப்பின், ஒரு காலத்தில் எடுத்த கணக்கு, எப்போதேனும் பள்ளி சென்றோரின் பங்கைக் குறைத்தே காட்டும். பயிலும் காலம் பற்றிய விடைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டதால், எப்பிழை மிகுதி என அறுதியிட இயலாது. பெண்களோ அடிப்படை எண்ணிலேயே இடம்பெறவில்லை.

சாதிப் பத்திகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழ் மாவட்டங்களில் ‘சூத்திரர்’, ‘பிற சாதியார்’ எனப் பதிவானோர் சேலத்தில் சுமார் 70 விழுக்காடு, தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டிற்கு மேல் எனத் தரம்பால் 1983இல் வெளியிட்ட ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ நூலில் எடுத்துக்காட்டினார். திண்ணைப் பள்ளிகள் பிராமணர்க்கு மட்டுமே உரியவை என்னும் கருத்தை இது தகர்க்கிறது. அவ்வளவில் அவர் வாதம் உறுதியானது. எனினும் நிலவுடைமை வேளாளரும் ஏழைக் கைவினைஞரும் ஒரே பத்தியில் அடங்கினர். ‘பிற சாதியார்’ என்பதில் தீண்டாமைக்கு உட்பட்டோர் எத்துணையர் என்பதைப் படிவம் கேட்கவேயில்லை. ஆகவே அனைவர்க்கும் கல்வி திறந்திருந்தது என்னும் முடிவுக்கு இவ்வட்டவணையில் சான்றில்லை.

உண்மையில் அரசின் திட்டத்தை வடிவமைத்தது விகிதமன்று, கட்டணம் பற்றிய விடைகளே. ஆசிரியர் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை எனக் கண்ட மன்றோ, அரசு அமைக்கும் மாவட்டப் பள்ளி ஆசிரியர்க்கு 15 ரூபாயும் தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் பரிந்துரைத்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். தாசில்தாரிப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.