35 பவுண்டு சந்தா



எங்கள் குடியிருப்புக் காற்பந்துக் கழகத்தின் பொருளாளர் பொறுப்பு சில ஆண்டுகளாக என் தலையில்தான் இருக்கிறது. புதுச் சட்டை தைக்க நன்கொடை கேட்டால் மனமுவந்து கொடுப்பவர்கள், திடலின் விளக்குக் கட்டணம் என்றால் கைப்பேசியையே எடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இங்கிலாந்துக் கழகம் ஒன்றின் கணக்கு வரலாறு என்னை விடாமல் ஈர்த்தது.

கெண்ட் வட்டாரத்திலுள்ள அக்கழகத்தின் பெயர் எப்ஸ்ஃபிலீட் யுனைடெட். அப்போது அது ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2007இல் 'மைஃபுட்பால்கிளப்' என்னும் இணைய அமைப்பு, தலைக்கு 35 பவுண்டு திரட்டி ஒரு கழகத்தையே வாங்கப் புறப்பட்டது. 2008 பிப்ரவரியில் எப்ஸ்ஃபிலீட்டின் 75 விழுக்காட்டுப் பங்குகள் அதன் கைக்கு வந்தன. உறுப்பினர்கள் ஏறத்தாழ 30,000 பேர். கடல் கடந்தும் பலர் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு; இலாபப் பங்கு எவருக்கும் கிடையாது. ஓர் ஆட்டக்காரரை விற்கலாமா என்பதைக்கூட வாக்கெடுப்பே முடிவு செய்தது.

அதே ஆண்டு மே மாதம், வெம்பிளி அரங்கில் டார்கி யுனைடெட்டை 1-0 என வென்று, கழகம் முதன்முறையாக எஃப்.ஏ. டிராபியைக் கைப்பற்றியது. இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஆயினும் 2009இல் சந்தாவைப் புதுப்பித்தவர்கள் 10,000 பேருக்கும் குறைவே. என் கணக்குப் புத்தி இங்கேதான் விழித்துக்கொள்கிறது. 30,000 பேர் கட்டினால் 1,050,000 பவுண்டு. 10,000 பேர் என்றே வைத்துக்கொண்டாலும் 350,000தான். ஆட்டக்காரர் சம்பளமும் பயணச் செலவும் அதற்கேற்ப மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமா? வெளியூர் உறுப்பினர்கள் வாங்கியது ஒரு வாக்கை. வாக்களிக்கும் புதுமை தீர்ந்ததும் விலகிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மழையிலும் வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கிய உள்ளூர்க்காரர்களுக்குத்தான் விலகிப் போக வேறிடம் இல்லை.

2010இல் கழகம் ஒரு நிலை கீழிறங்கியது. மறு ஆண்டே மீண்டது. 2013இல் மறுபடியும் இறங்கியது. உறுப்பினர் எண்ணிக்கையோ ஏறவே இல்லை. அவ்வாண்டே எஞ்சியிருந்தோர் தங்கள் பங்குகளைக் கைவிட வாக்களித்தனர். குவைத் முதலீட்டாளர்களின் நிறுவனம் ஒன்று கழகத்தை ஏற்றுக்கொண்டது.

அடுத்த வாரம் எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம். பழைய சட்டையே இவ்வாண்டும் போதும், விளக்குக் கட்டணத்தை முதலில் கட்டுவோம் என்று முன்மொழியப் போகிறேன். சென்ற ஆண்டின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இன்னும் பதினொரு தாள்கள் கிழிக்கப்படாமலே இருக்கின்றன.