சொல்லப்படாத நோய்: வாய்நாற்றத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கொள்ளை நோய், பெரியம்மை, மலேரியா ஆகியன பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். ஆளைக் கொல்லாது, ஆயின் ஆயுட்காலம் முழுவதும் உடனிருந்து அவன் வாழ்வைக் குறுகச்செய்யும் நோய்களோ அவர்தம் கவனத்தை அத்துணை பெற்றில. நாட்பட்ட வாய்நாற்றம் அவற்றுள் ஒன்று. இறப்புப் பதிவேடுகளில் அது இடம்பெறுவதில்லை. அதன் வரலாற்றைச் சட்டநூல்களிலும் அரண்மனைக் கதைகளிலும் வாசனைப்பொருள் வணிகத்திலும், அண்மைக் காலத்தைப் பொறுத்தவரை விளம்பரங்களிலுமே தேடவேண்டியுள்ளது. நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையே பெரிதும் குறித்தது என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அச்சொல் இன்றைய பொருளுக்கு இழிந்தமை தனியே ஆராயத்தக்கதொரு கதை.

சிராக்கியூஸ் நகரை ஆண்ட ஹைரோனைப் பற்றி புளூட்டாக் ஒரு செய்தி கூறுகின்றார். ஹைரோனின் வாய் நாறுகின்றது என்று பகைவன் ஒருவன் பழித்தான். மன்னன் வீடு சென்று, இதனை ஏன் இதுவரை தன்னிடம் சொல்லவில்லை என்று மனைவியைக் கடிந்தான். கற்புடைய அப்பெண், ஆடவர் அனைவருடைய வாயும் இவ்வாறுதான் மணக்கும் எனத் தான் எண்ணியிருந்ததாக விடையிறுத்தாள். நண்பர் மறைப்பதைப் பகைவர் சொல்லுவர் என்று காட்டுவதற்காகவே புளூட்டாக் இதனைக் கூறினார். ஆயினும் இந்நோயின் இயல்பு முழுவதும் இச்சிறு கதையில் அடங்கியுள்ளது. நோயாளியின் மூக்கு தன் மூச்சுக்குப் பழகிவிடுவதால் அவன் அதனை அறியான். அறிந்தவரோ வாய் திறவார். வேறெந்த நோயிலும் நோயாளிக்கும் அவன் நோய்க்கும் இடையே இத்தகையதொரு திரை காணப்படுவதாகத் தெரியவில்லை.

சீனத்துக் கதை இதனினும் சுவையானது. ஹான் பேரரசர் ஹுவான் (ஆட்சி கி.பி. 146-168) அவையில் வயது முதிர்ந்த அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய வாய்நாற்றத்தைப் பொறாத பேரரசர், கோழிநாக்கு வாசனை எனப்பட்ட பொருளொன்றைக் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளுமாறு பணித்தார். சிறிதாயும் நாவைச் சுடுவதாயும் இருந்த அதனை மெல்லவும் விழுங்கவும் அஞ்சிய முதியவர், தாம் ஏதோ பிழை செய்தமையால் நஞ்சு அருளப்பெற்றதாகவே எண்ணினார். வீடு சென்று குடும்பத்தாரிடம் விடைபெற்றார். காரணம் அறியாது வீட்டார் அழுதனர். செய்தி கேட்டு வந்த உடன் அதிகாரிகள் அந்த நஞ்சை வாங்கிப் பார்த்தபோதுதான் அது கராம்பு என்பது தெரியவந்தது. எல்லாரும் நகைத்தனர். பேரரசர் முன் விண்ணப்பம் படிக்கும் அலுவலர் கராம்பை வாயில் அடக்கியிருத்தல் அக்காலத்தில் அவை ஒழுக்கமாக இருந்தது. ஒரு முதியவரிடம் அவருடைய வாய் நாறுகின்றது என்று கூறுவதிலும், கொல்லப்படுவதாக அவர் எண்ணிக்கொள்ள விடுவதே பேரரசருக்கு எளிதாயிருந்தது போலும்!

கராம்பு அந்நாளில் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அங்கிருந்து மேற்கே சென்ற கடல்வழியில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தையில் 1980களில் நடைபெற்ற அகழ்வாய்வு போர்ச்சூழல் காரணமாக 1984இல் நின்றுபோய், 2009-2010இல் மீண்டும் தொடரப்பட்டது. அப்போது கிடைத்த தாவர எச்சங்களுள் கி.பி. 900-1100 காலத்துக் கராம்பு ஒன்றும் இருந்தது. அது உணவுக்கு வந்ததோ, மருந்துக்கு வந்ததோ, வாய் மணத்துக்கு வந்ததோ என்பதை அந்த மொட்டைக் கொண்டு கூறுதல் இயலாது.

யூதர்தம் சட்டமரபு இதனை நகைப்புக்குரியதாகக் கொள்ளவில்லை. கணவனிடமிருந்து மணவிலக்குக் கோரும் உரிமையை மனைவிக்கு அளிக்கும் குறைபாடுகளை மிஷ்னா வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் ஒன்று மூக்கின் நாற்றமா, வாயின் நாற்றமா என்று தல்மூத்தின் அறிஞர்கள் விவாதித்துள்ளனர். உமையா கலீபாவும், ஜெருசலத்தின் பாறைக் குவிமாடத்தை எழுப்பியவருமான அப்துல் மலிக்கை (ஆட்சி கி.பி. 685-705) எதிரிகள் ‘ஈக்களின் தந்தை’ என இகழ்ந்ததற்கு அவருடைய வாய்நாற்றமே காரணம் என அரபு மரபுச் செய்திகள் கூறும். அதே இஸ்லாமிய மரபில், நோன்பாளியின் வாய்வாடை இறைவனிடத்துக் கஸ்தூரியினும் மேலானது என்னும் நபிமொழியும் உண்டு. நோன்பின்போது உமிழ்நீர் குறைவதால் எழும் வாடையை இழிவென்று கொள்ளாது தவத்தின் அடையாளமாக மதித்த பார்வை அது. நாற்றம் ஒன்றாயினும் அதற்குச் சமூகம் அளிக்கும் பொருள் ஒன்றன்று.

இந்திய மருத்துவம் காரணத்தை ஓரளவு சரியான இடத்திலேயே தேடியது. பற்குச்சியோடு, பொன், வெள்ளி, செம்பு முதலியவற்றாற் செய்த நாக்கு வழிப்பானையும் சரக சங்கிதை விதிக்கின்றது. நாக்கின் அடிப்பகுதியிற் சேரும் அழுக்கே துர்நாற்றத்துக்கு ஏது என அந்நூல் கருதியது. இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகூடம் பெரிதும் சுற்றியலைந்து அடைந்த முடிபும் இதனோடு ஒத்ததே. வெற்றிலையின் கதை வேறு. 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்ற இபின் பதூதா, வெற்றிலை வாய்க்கு மணமூட்டித் துர்நாற்றத்தைப் போக்கும் என எழுதினார். நறுமணத்துக்காக மென்ற தாம்பூலம், புகையிலை சேராதவிடத்தும், பாக்கின் காரணமாகப் புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் முடிவு செய்தது. வாய் மணத்துக்காகச் செலுத்தப்பட்ட விலைகளுள் இதுவே மிகப் பெரியது எனலாம்.

ஐரோப்பாவில், தன் பற்களின் இடையே சேர்ந்த வெண்பொருளை நுணுக்குக்காட்டியிற் கண்ட லீவன்ஹுக், அதில் உயிர்கள் நெளிவதை 1683இல் இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். நாள்தோறும் உப்பினாற் பல் துலக்கிய அவர், ஒருபோதும் பல் துலக்காத முதியவரொருவரின் வாயில் அவ்வுயிர்கள் எண்ணிறந்தனவாய் இருந்ததையும் குறித்துள்ளார். நாற்றத்தின் காரணம் அன்றே கண்ணில் தென்பட்டது. எனினும் இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் வைத்தியரும் மக்களும் வயிற்றையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தனர். அவ்வெண்ணம் இன்றும் அழிந்திலது. வாய் நாறுகின்றது என்பவனுக்குப் பேதி மருந்து கொடுக்கும் வழக்கத்தை முதியோர் பலர் அறிவர். உண்மையில் உணவுக்குழாய் விழுங்காத வேளையில் மூடியே கிடக்கும். ஏப்பம் விடும்போதன்றி இரைப்பையின் காற்று மேலெழுவதில்லை.

அமெரிக்க மருத்துவர் யோசெப் ஹோவ் 1874இல் மூச்சின் நாற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹலிற்றோசிஸ் என்னும் சொல் மருத்துவ ஏட்டில் நிலைபெற்றது அக்காலத்திலேயே. அதனை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது வணிகம். அறுவை மருத்துவர் யோசெப் லிஸ்ரரின் பெயரைத் தாங்கி 1879இல் சென் லூயி நகரில் உருவான லிஸ்ரறின் என்னும் கிருமிகொல்லி, முதலில் அறுவைச் சிகிச்சைக்கும் பின்னர் பல் வைத்தியருக்கும் விற்கப்பட்டது. 1920களில் லாம்பேட் நிறுவனம் அதனை வாய்நாற்ற மருந்தாக அறிமுகப்படுத்தியது. நோயின் பழைய பெயர் நாகரிகமற்றது. இலத்தீன் ஒலியுடைய புதிய பெயரோ கூச்சமின்றி அச்சிடத்தக்கது. முப்பது வயதை நெருங்கியும் மணமாகாத இளம்பெண், அவளுக்குக் காரணத்தைச் சொல்லத் துணியாத தோழியர் என்று அவ்விளம்பரங்கள் கதை கூறின. ஹைரோனின் மனைவியுடைய மௌனத்தை இவ்வாறு ஒரு கம்பெனி முதலாக்கிக்கொண்டது. விற்பனை பன்மடங்கு பெருகியது. சளியையும் தொண்டை நோவையும் அது தடுக்கும் என்ற கூற்றைத் திருத்தி விளம்பரஞ் செய்யுமாறு ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1975இல் கட்டளையிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1977இல் அக்கட்டளையின் சாரத்தை உறுதிசெய்தது. ஆயின் மக்கள் மனத்தில் விதைக்கப்பட்ட அச்சத்தைத் திருத்துமாறு எவரும் கட்டளையிடவில்லை.

காரணம் பற்றிய தெளிவு கனடாவிலிருந்து வந்தது. பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்து யோசெப் தொன்செற்றிச் 1960கள் தொட்டு உமிழ்நீரையும் வாய்க் காற்றையும் ஆராய்ந்து, ஐதரசன் சல்பைட்டு, மெதையில் மேர்கப்டன் ஆகிய கந்தகச் சேர்வைகளே நாற்றத்தின் முதற்கூறுகள் எனக் காட்டினார். நாக்கின் பின்புற மடிப்புகளிலும் பல்முரசின் இடுக்குகளிலும் ஒட்சிசன் எட்டாத இடங்களில் வாழும் பற்றீரியாக்கள், இறந்த கலங்களிலும் உணவெச்சத்திலும் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது இவை பிறக்கின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் வற்றுவதாற் காலையில் எவர் வாயும் நாறும். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவமனையொன்றை நாடிய 2000 பேர் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 76 பேரிடம் காரணம் வாயிலேயே இருந்தது. 43 பேரிடம் அது நாக்கிற் படிந்த படிவு மாத்திரமே. தொண்டை, மூக்கு முதலிய பிற இடங்களிலிருந்து நாற்றம் எழுந்தோர் மிகச் சிலர்.

அச்சிலரின் துன்பம் சிறிதன்று. எத்துணை துலக்கினும் அவருக்கு விடிவில்லை. மீன் நாற்றமுடைய திரைமெதையிலமைன் என்னும் பொருளை உடல் மாற்றவியலாத பரம்பரைக் குறைபாடு 1970இல் ஒரு சிறுமியிடம் கண்டறியப்பட்டது. அதற்குரிய பரம்பரையலகு 1997இல் தெளிவாயிற்று. மகாபாரதத்து மச்சகந்தியை இந்நோயின் பழைய சான்றாக மருத்துவ எழுத்தாளர் சிலர் காட்டுவர். காப்பியத்தை அவ்வாறு வாசித்தல் மிகையெனினும், மீன் வாடை வீசும் ஒருத்தியை மணம் வீசுபவளாக மாற்ற ஒரு முனிவரின் வரம் வேண்டியிருந்தது என்பதில் அத்தகையோரின் ஏக்கம் ஒலிக்கின்றது. குருதியிலிருந்து நுரையீரல் வழியே மேர்கப்டன் வெளிவரும் பிறிதொரு குறைபாட்டின் பரம்பரைக் காரணம் 2018இற்றான் வெளியாயிற்று. அதுவரை அந்நோயாளர் சொன்னதை நம்பிய வைத்தியர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

லூவன் ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரிடம் நாற்றமே இல்லை. இருப்பதாக அவர்கள் உறுதியாய் எண்ணினர். தன் உடல் நாறுகின்றது என்னும் அசையா நம்பிக்கையை பிரைஸ் பிலிப்ஸ் என்னும் மருத்துவர் 1971இல் தனியொரு நோயாக விவரித்தார். எதிரில் இருப்பவர் மூக்கைத் தொட்டாலும், யன்னலைத் திறந்தாலும் அதனைத் தம் குற்றமாகவே இவர்கள் கொள்வர். பேசும்போது கையால் வாயை மறைப்பர். வகுப்பில் கடைசி வாங்கில் அமர்வர். நாற்றம் உடையவன் அதனை அறியாது நடமாட, இல்லாதவன் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கின்றான். இருவரையும் பிரித்தறிய வாயுப்பகுப்புக் கருவிகள் இன்று உள. ஆயினும் மருத்துவர் தம் மூக்காலேயே முகர்ந்து சுழியம் முதல் ஐந்து வரை புள்ளியிடும் முறையே இற்றைவரை அளவுகோலாக உள்ளது. நோயாளியின் சொல்லை மட்டும் நம்புதல் இயலாமையால், வீட்டில் உண்மை சொல்லக்கூடிய ஒருவரையும் உடன் அழைத்து வருமாறு அவர்கள் கேட்பதுண்டு.